தையல்மேல் போட்ட பவுடர்

என் தங்கைக்கு வயிற்றை அறுத்துக் குழந்தையை எடுத்த ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வார்டுக்குள் ஆண்கள் போக முடியாது. ஐந்து நாளும் நான் இரும்புக் கேட்டுக்கு வெளியே நின்று சாப்பாட்டுத் தூக்கை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே அவளோடு இருந்தது எதிர்வீட்டு அத்தை. அத்தை என்று கூப்பிடுவோமே தவிர உறவு கிடையாது. ராயபுரத்தில் மாதா கோயிலை ஒட்டிய தெருவில் பிறந்து, கல்யாணமாகி எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய எங்கள் குடியிருப்புக்கு வந்தவர். எங்கள் அம்மா போன பிறகு தங்கையைப் பார்த்துக்கொண்டவர். தங்கையின் புருஷன் சரக்குக் கப்பலில் சமையல் வேலை செய்கிறான். குழந்தை பிறந்த அன்று அவன் எந்தக் கடலில் இருந்தான் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

நான் எட்டாம் வகுப்பில் பாதியிலேயே கிளம்பியவன். லாரி கிளீனராகப் போனேன். அப்புறம் தூத்துக்குடியில் உப்பளம், மங்களூரில் ஐஸ் ஃபேக்டரி, கடைசியாகக் குஜராத் பக்கம் மீன் படகு. ஓர் ஊரில் ஒரு வருஷம் இருந்தால் எனக்கு அதிகம். தங்கைக்கு ஏழு மாதம் நடக்கும்போது போன் செய்தாள். "வூட்ல ஒருத்தன் வோணும்ணா, வந்துடு" என்றாள். வந்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் கேட் வரைக்கும் வந்து, என்னையும் அத்தையையும் நிறுத்திவைத்துச் சொன்னார். கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் தையலைத் தொடக்கூடாது. மஞ்சள், எண்ணெய், திருநீறு எதுவும் வைக்கக்கூடாது. ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தினமும் யாராவது ஒருத்தர் தையலைப் பார்க்க வேண்டும். சிவந்தாலோ, வீங்கினாலோ, நீர் வடிந்தாலோ, வாடை வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே கொண்டுவர வேண்டும். தையல் பிரிக்கப் பத்தாம் நாள் வந்தால் போதும், ஆனால் இதில் எது இருந்தாலும் பத்தாம் நாள்வரை காத்திருக்கக் கூடாது.

எல்லாம் காதில் விழுந்தது. ஆனால் என் மனசில் நின்றது ஒன்றுதான்: ஈரம். ஏனென்றால் அது எனக்குத் தெரிந்த விஷயம். உப்பளத்திலும் படகிலும் உப்புத் தண்ணீரும் வேர்வையும் சேர்ந்து தொடையிடுக்கு உரிந்து புண்ணாகும். நடக்க முடியாது. அங்கே எல்லோரும் செய்வது ஒன்றே ஒன்று. நன்றாகத் துடைத்துவிட்டுக் கை நிறையப் பவுடரை அள்ளிப் போட்டுக்கொள்வோம். இரண்டு நாளில் காய்ந்துவிடும். எனக்குத் தெரிந்த மருத்துவத்தில் உருப்படியானது அது ஒன்றுதான்.

அப்போது கத்திரி வெயில். மூன்றாவது மாடி, ஒற்றை அறை, நடுவில் புடவைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் தங்கையும் குழந்தையும். நான் பகலில் திரைக்கு இந்தப் பக்கம், தூங்குவதற்கு வெளி வராந்தா. கரண்ட் போனால் அறை இட்லிச் சட்டியாகிவிடும். தங்கைக்கு வயிறு மடிந்து தையல்மேல் விழுகிறது, அந்த மடிப்பில் வேர்வை நிற்கிறது என்று அத்தை சொன்னார். நான் கீழே கடைக்குப் போய்ப் பெரிய டின் பவுடர் வாங்கி வந்தேன். குழந்தைக்குப் போடுகிற பவுடர்தான்.

"குளிச்சிட்டுத் தொடச்சப்பால இத்த நல்லா தூவி வுடு அத்த. ஈரம் நிக்காது" என்றேன்.

"நர்ஸம்மா ஒண்ணும் வெக்கக்கூடாதுன்னாங்களே நைனா?"

"மஞ்சா, எண்ணெய்தான் வெக்கக்கூடாதுன்னாங்க. இது பச்சக் கொயந்தைக்கே போடறது. இதுல இன்னா கீது?"

அத்தைக்கும் அது சரியாகப் பட்டது. தினம் காலை தங்கையைக் குளிக்க வைத்து, துடைத்து, பவுடர் தூவினார். நான் திரைக்கு வெளியே நின்று கேட்பேன், "எப்டி கீது?"

"வெள்ள வெளேர்னு கீது. சுவத்துக்கு வெள்ளையடிச்ச மாதிரி" என்பார் உள்ளேயிருந்து.

எனக்கு நிம்மதியாக இருக்கும். தங்கையால் தன் தையலைத் தானே குனிந்து பார்க்க முடியாது. வயிறு மறைக்கும். குனிந்தால் வலிக்கும். நான் அண்ணன், நான் பார்க்கக் கூடாது. அத்தை பார்த்தார், வெள்ளையாக இருந்தது.

ஏழாம் நாள் மாலை தங்கைக்கு உடம்பு சுட்டது. பால் கட்டினால் காய்ச்சல் வரும் என்று அத்தை சொன்னார். மார்பும் கல் மாதிரி இருந்தது என்றார். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். காலையில் சூடு கொஞ்சம் குறைந்தது. நாங்கள் அதை அப்படியே விட்டுவிட்டோம்.

எட்டாம் நாள் பதினோரு மணி வாக்கில் நான் பால் பாக்கெட்டோடு உள்ளே நுழைந்ததும் ஒரு வாடை அடித்தது. பவுடர் வாசனைக்கு அடியில் இன்னொன்று இருந்தது.

"இன்னா அத்த, வாடை அடிக்குது?"

"கம்பெனி வாடைதான். எப்ப இல்ல அது?"

எங்கள் பக்கத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மேற்கே இருக்கிற உர, எண்ணெய்க் கம்பெனிகள் பக்கமிருந்து காற்றடித்தால் தொண்டை எரியும். அழுகின முட்டை மாதிரியும் கேஸ் மாதிரியும் ஒரு நாற்றம் வீட்டுக்குள் வந்து உட்காரும். ஜன்னலைச் சாத்திவிட்டு வேலையைப் பார்ப்போம். சோறு ஊசினால்கூட முதலில் கம்பெனியைத்தான் திட்டுவோம்.

ஆனால் நான் ஐஸ் ஃபேக்டரியிலும் படகிலும் மீன் பெட்டி தள்ளியவன். பெட்டியின் மேலே ஐஸ் பளபளவென்று இருக்கும், அடியில் நாலு மீன் கெட்டிருக்கும். மூடியைத் திறக்காமலே எந்தப் பெட்டி போய்விட்டது என்று சொல்லிவிடுவேன். அதற்காகவே மேஸ்திரி என்னைக் கூப்பிடுவார். அந்த மூக்கு இப்போது சும்மா இருக்கவில்லை.

மொட்டை மாடிக்குப் போனேன். எண்ணூர் பக்கம் புகைக் கூண்டுகள் தெரியும். புகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அதை வைத்துத்தான் நாங்கள் காற்றைச் சொல்வோம். அன்று புகை மேற்கே சாய்ந்திருந்தது. கடல் காற்று. மேலே நல்ல காற்று, உப்பு வாடை மட்டும். கம்பெனி வாடை அந்தப் பக்கமாகத் தள்ளப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது. நான் அங்கே நின்று நாலைந்து தடவை இழுத்து மூச்சுவிட்டேன். எனக்கு அந்த வாடை வேண்டும்போல இருந்தது. அது வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வரவில்லை.

கீழே வந்து கதவைத் திறந்தேன். அறைக்குள் அது அப்படியே இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம், கெளம்பு" என்றேன் திரையைப் பார்த்து.

"இன்னும் ரெண்டு நாள்தானே ண்ணா? தையல் பிரிக்கச் சொல்ல காட்டிக்கலாம்" என்றாள் தங்கை.

"இப்பவே போலாம்."

"ஏன்? இன்னா இப்போ?"

"வாடை அடிக்குது."

திரைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வேறு மாதிரி வந்தது. "எம்மேலயா?"

அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "பச்ச ஒடம்புக்காரிகிட்ட பேசற பேச்சா இது? ஊர் ஊரா சுத்திகினு வந்தவன் இப்ப டாக்டராயிட்டான்."

"அப்போ நான் ஒரு தபா பாக்கட்டா?"

"ச்சீ" என்றாள் தங்கை. "பாத்த, பேசவே மாட்டேன் உங்கிட்ட."

"வலிக்குதா இல்லியா, அத மட்டும் சொல்லு."

"வலிக்காம? அறுத்தா வலிக்கத்தான் செய்யும்."

"மொத நாளவிட கம்மியா, ஜாஸ்தியா?"

குழந்தை சிணுங்கியது. அவள் மெல்லச் சொன்னாள், "மறுபடி அறுப்பாங்கண்ணா. கொயந்தைய தனியா எடுத்துகினு பூடுவாங்க. எனக்கு பயமா கீது."

நான் திரையைத் தள்ளிவிட்டு உள்ளே போனேன். அவள் போர்வையை இழுத்துக்கொண்டாள். நான் நெற்றியை மட்டும் தொட்டேன். தோசைக்கல் மாதிரி இருந்தது. "அத்த, கொயந்தைய தூக்கு" என்றேன்.

மூன்று மாடி இறங்கக் கால் மணி நேரம் ஆனது. ஒவ்வொரு படியிலும் நின்றாள். ஆட்டோவில் நடுவில் அவள், ஓரத்தில் குழந்தையோடு அத்தை, நான் டிரைவர் பக்கத்தில். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் போக வரிசை கட்டி நின்றன. அந்த வரிசையில் நானும் நாள்கணக்கில் நின்றிருக்கிறேன். லாரிக்கு அடியில் அடுப்பு வைத்துச் சோறாக்கித் தின்றிருக்கிறேன். அன்றுதான் அந்த வரிசையைப் பார்த்து எனக்கு நடுக்கம் வந்தது.

"மாமு, எப்டியாவது பூந்து போ" என்றேன் டிரைவரிடம்.

"எங்க பூர்றது நைனா? ரெண்டு பக்கமும் பொட்டி லாரி நிக்குது. பறந்துதான் போவணும்" என்றவர், கண்ணாடியில் தங்கையைப் பார்த்தார். உடனே ஓரத்து மண்ணில் இறக்கி ஓட்டினார். பள்ளம் வரும்போதெல்லாம் தங்கை இரண்டு கையாலும் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டாள்.

தண்டையார்பேட்டை தாண்டும்போது அவளுக்குக் குளிர் வந்தது. உச்சி வெயிலில், அனல் அடிக்கிற ஆட்டோவுக்குள், பல் கிடுகிடுவென்று அடித்தது. "குளுருதுண்ணா" என்றாள்.

இந்தக் குளிரை எனக்குத் தெரியும். குஜராத் படகில் என்னோடு இருந்த ஒருத்தனுக்குக் கெளுத்தி முள் பாதத்தில் குத்தியது. துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்தான். நாலாம் நாள் நடுப்பகலில் இப்படித்தான் நடுங்கினான். நாங்கள் தார்ப்பாயை எடுத்துப் போர்த்தி, காய்ச்சல் மாத்திரை கொடுத்து, வலையை இழுக்கப் போய்விட்டோம். கரை சேர இரண்டு நாள் இருந்தது. அவன் கரை சேரவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆட்டோவிலும் சொல்லவில்லை. என் சட்டையைக் கழற்றி அவள்மேல் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் அதே நர்ஸ் இருந்தார். வெளிநோயாளிப் பிரிவில் படுக்கவைத்துத் திரையை இழுத்தார்கள். நான் வெளியே நின்றேன். அவர் குரல் கேட்டது.

"என்னம்மா இது? தையலைக் காணோம். மேல மாவு பிசைஞ்சு வெச்சிருக்கீங்க?"

அத்தை ஏதோ முணுமுணுத்தார்.

"பவுடரா? வேர்வையில ஊறிக் கட்டி கட்டியா ஒட்டியிருக்கு. அடியில எல்லாம் சிவந்துபோயிருக்கு, பாத்தீங்களா? இதைக் கழுவி எடுத்தாத்தான் சீழ் எவ்வளவு இருக்குன்னே தெரியும். யார் போட்டது?"

"நான்தாம்மா" என்றார் அத்தை. "நான்தான் போட்டேன்."

எனக்காகச் சொன்ன பொய் அது. பாதி உண்மையும்கூட. நான் திரைக்கு வெளியே நின்றபடியே, "நான்தாங்க வாங்கிக் குடுத்தேன். நான்தான் போடச் சொன்னேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டர் வந்தார். சின்ன வயசுப் பெண். நாலு தையலைப் பிரித்தார்கள். தங்கை கத்தினாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். என்னுடைய பயம் எல்லாம் ஒரே கேள்வியாக இருந்தது: அந்த முள் குத்தினவன் மாதிரி இவளுக்கும் தாமதமாகிவிட்டதா? யாரைக் கேட்பது? கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே என்றும் பயமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வெளியே வந்தார். "வீட்ல யாருப்பா இவங்களைத் தினம் பாத்துக்கப் போறது? அந்தம்மாவுக்குக் கண்ணு மங்கல். கிட்டத்துல எதுவும் தெரியலையாம்."

அத்தைக்குக் கண் மங்கல் என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. மீன் ஆய்வது, அரிசி பொறுக்குவது எல்லாம் கைப்பழக்கத்தில் செய்துகொண்டிருந்திருக்கிறார். கண்ணாடி போட்டால் தெருவில் கிண்டல் செய்வார்கள் என்று யாருக்கும் சொல்லவில்லை.

"நான்தாங்க" என்றேன்.

"அப்ப வாங்க. கழுவுங்க முதல்ல."

என் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் கிரீஸ். துறைமுகத்தில் லாரி ஒர்க்‌ஷாப்பில் நாள் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தேன். கத்தரிக்கோல் கொடுத்து நகத்தை வெட்டச் சொன்னார். சோப்புப் போட்டு உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாகத் தேய்க்கவைத்தார். துடைக்கப் போனேன், என் லுங்கியில் துடைக்க விடவில்லை. மறுபடி முதலிலிருந்து கழுவ வைத்தார். இத்தனை வருஷத்தில் என் கையை நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

உள்ளே போனபோது தங்கை முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். வயிற்றின் அடியில் ஒரு கை அகலத்துக்கு மட்டும் பச்சைத் துணி விலகியிருந்தது.

"பாருங்க. கண்ணை மூடாதீங்க" என்றார் நர்ஸ். "வெளித்தோல் இப்படிச் சிவந்து, தொட்டா சூடா இருந்தா கெட்டது. உள்ளே இருக்கிற சதை சிவப்பா, பளிச்னு இருந்தா நல்லது. மஞ்சளா, சாம்பலா, பச்சையா இருந்தா உடனே சொல்லணும். இதை மேலே தைச்சு மூட மாட்டோம். உள்ளேயிருந்து தானா நிரம்பி வரணும். ஈரம் வேண்டாம்னா சுத்தமான துணியால ஒத்தி எடுங்க. காத்து படட்டும். வேற ஒண்ணும் வேண்டாம். பவுடர் உறிஞ்சிக்கிட்டு அங்கேயே உக்காந்துக்கும்."

பார்த்தேன். நான் லாரி கவிழ்ந்து கை நசுங்கியவனைத் தூக்கியிருக்கிறேன். இதைப் பார்த்ததும் கட்டிலின் கம்பியைப் பிடிக்கப் போனேன். "தொடாதீங்க, மறுபடி கழுவணும்" என்றார் நர்ஸ்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் அவள் உள்ளே இருந்தாள். ஊசி, டிரிப். குழந்தையை யாரும் பிரிக்கவில்லை, பக்கத்திலேயே விட்டார்கள். முதல் மூன்று நாள் காய்ச்சல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. நான் கேட்டில் நின்று, யார் வெளியே வந்தாலும் அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். அத்தை வெளியே வரும்போது கையை ஆட்டுவார். மேலே ஆட்டினால் காய்ச்சல் இருக்கிறது, கீழே ஆட்டினால் இறங்கியிருக்கிறது. நான்காம் நாள் கீழே ஆட்டினார். நான் தெருவோரம் உட்கார்ந்துவிட்டேன்.

மாப்பிள்ளை கப்பலிலிருந்து ஒரு தடவை பேசினான். "இன்னா மச்சான், சௌக்கியமா எல்லாரும்?" என்றான். சௌக்கியம் என்றேன். நடுக்கடலில் இருப்பவனிடம் வேறு என்ன சொல்வது?

வீட்டுக்கு வந்த பிறகும் காயம் மூடவில்லை. தினம் காலை பக்கத்து நகர மருத்துவ மையத்துக்கு ஆட்டோவில் கூட்டிப்போவேன். அங்கே ஓர் அம்மா கட்டுப் பிரித்துக் கழுவிக் கட்டுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் வரமாட்டார். "நீயே செஞ்சுக்கோப்பா, பாத்துக்கிட்டுத்தானே இருந்த" என்று உறை பிரிக்காத பஞ்சுத்துணியும் உப்புத் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தனுப்பினார்.

முதல் ஞாயிறு காலை. கையைக் கழுவினேன். மறுபடி கழுவினேன். அத்தை குழந்தையை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, "மாதாவே, மாதாவே" என்றுகொண்டிருந்தார். ஜன்னல் விளிம்பில் விரலை வைத்தால் கரிப்பொடி ஒட்டும், அதனால் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்தினேன். வேர்வை என் நெற்றியிலிருந்து அவள்மேல் விழுந்துவிடுமோ என்று தலையில் துண்டு கட்டிக்கொண்டேன்.

"கல்யாணத்துக்குப் போற மாதிரி தலப்பா எல்லாம் கட்டிகினு வந்துட்டான்" என்றாள் தங்கை. முகத்தை மூடவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழைய துணியை எடுத்தேன். மோந்து பார்த்தேன். ரத்த வாடை, வேறொன்றும் இல்லை. உள்ளே சிவப்பாக இருந்தது. ஆனால் எந்தச் சிவப்பு? நர்ஸ் சொன்ன நல்ல சிவப்பா, கெட்ட சிவப்பா? ஓரத்தில் லேசாக மஞ்சள் மாதிரி ஏதோ தெரிந்தது. உப்புத் தண்ணீரை ஊற்றினேன். அது கரைந்து போய்விட்டது. பழைய நீர்தான் காய்ந்து ஒட்டியிருந்தது.

"இன்னா கலர்ல கீது?" என்றாள்.

"செவப்பா கீது."

"நல்ல செவப்பா?"

"நல்ல செவப்புதான் போலக் கீது."

"போலவா? ஒயுங்கா சொல்லு."

"தெரியலமே. எனக்கு இன்னா தெரியும்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "போன எடு. ஒரு போட்டோ புடி."

"இத்தயா?"

"என் வவுறு, எனக்குக் காட்டக் கூடாதா? ஊரே பாத்துச்சு. நான்தான் பாக்கல."

போனைத் தொட்டால் கை அழுக்காகும் என்று அத்தையைக் கூப்பிட்டேன். அவருக்குக் கிட்டத்தில் கண் தெரியாது. நான் "இன்னும் மேல, இன்னும் கிட்ட" என்று சொல்லச் சொல்ல, அத்தை ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு நாலு படம் எடுத்தார். ஒன்றில் அவர் விரல், இரண்டில் என் தலைப்பாகை, ஒன்றில் மட்டும் காயம்.

தங்கை அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். விரலால் பெரிதாக்கினாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "இவ்ளோ ஆழமா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "இத்த அழிச்சிடாத. நாளைக்கும் ஒண்ணு புடிக்கலாம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா கொறையுதா இல்லியான்னு தெரிஞ்சிடும்" என்றாள்.

புதுத் துணி வைத்து ஒட்டினேன். ஒட்டும் பட்டை இரண்டு வீணானது. கழுவிவிட்டு வந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடில்லை. அத்தை சோறு போட்டார், சாப்பிட்டேன். எழுந்து போய் மறுபடி தொட்டேன்.

"நீ தொட்டுத் தொட்டே எனக்கு ஜொரம் வந்துடப்போவுது, போண்ணா" என்றாள் தங்கை.

வராந்தாவில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம்தான் உட்கார முடிந்தது.